சூரியகாந்தி எண்ணெயை விட்டு செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறலாமா?

மலைக்கோட்டை: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் ஒமேகா 6 உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பும், அடைப்பே அதனால்தான் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து, சமையல் மொத்தமும் செக்குத் தேங்காய் எண்ணெயில்தான் வேண்டும் என்கிறார். அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. மாற்றலாமா?

வைகைக்கரை: தயவுசெய்து மொத்தமாக மாற்றாதீர்கள். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். செக்கில் ஆட்டினாலும் அதேதான். ஹெச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ராலும் ஏறுமே என்பார்கள், ஏறும்தான், ஆனால் டாக்டர் ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்துக் குறைக்கப் பார்ப்பது எல்டிஎல்லை, அதை அடுப்படியில் ஏற்றிவிடுவானேன்? ஒமேகா 6 கதையில் பாதி உண்மை. சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் ஒமேகா 6 ஆன லினோலிக் அமிலம் உடம்பில் அராகிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருட்கள் உருவாகும், சரி. ஆனால் அந்த மாற்றம் ரொம்பக் கொஞ்சம்தான் நடக்கிறது. லினோலிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி போன்ற அழற்சி அளவுகள் பொதுவாக உயரவில்லை.

செக்கடித்தெரு: நல்லெண்ணெயிலும் ஏறக்குறைய 40 சதவீதம் லினோலிக் அமிலம்தான். எங்கள் வீட்டில் குழம்புக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குக் கடலை எண்ணெய், வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு. ஒமேகா 3 அதில் கிடைக்கிறது, பொரிக்காமல் குழம்பாகவே வையுங்கள்.

அடுப்படி: எனக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டும், வடை சுட்ட எண்ணெயை என்ன செய்கிறீர்கள்? கறுத்து, பிசுபிசுத்து, சூடானதும் நுரை கட்டுகிற எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து போலார் சேர்மங்கள் எனும் சிதைவுப் பொருட்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 முதல் விதியே வைத்திருக்கிறது. அப்புறம் வனஸ்பதி. அதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி, ஹெச்டிஎல்லை இறக்கி, அழற்சியையும் கூட்டும். 2022 முதல் அதற்கு 2 சதவீத வரம்பு வந்துவிட்டது, நல்ல காரியம், ஆனாலும் அப்பா சாயங்காலம் டீக்கடையில் சாப்பிடும் பஜ்ஜி எந்த எண்ணெயில் வேகிறது என்று யார் பார்த்தது?

மலைக்கோட்டை: பஜ்ஜியைப் பற்றி யோசிக்கவே இல்லை, தினமும் சாப்பிடுகிறார். அவியல் மேல் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றலாமா?

வைகைக்கரை: தாராளமாக ஊற்றுங்கள். அன்றைக்குச் சட்னிக்குத் தேங்காயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.