நிர்வாக விளையாட்டுகளில் உங்களை இன்னும் உறுத்தும் நிமிடம் எது?

ஒயிட்ஃபீல்டு பயணி:

பீர் கேம் ஆடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆடாதவர்களுக்கு: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நால்வர் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரிடம் வாராவாரம் சீட்டில் எழுதிச் சரக்குக் கேட்பார்கள்; வாடிக்கையாளர் கேட்பது சில்லறைக் கடைக்கு மட்டுமே தெரியும். எங்கள் அலுவலகப் பயிற்சியில் பீரைப் பழச்சாறு என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி அதே நான்கு நாற்காலிகள், யாரும் யாருடனும் பேசக்கூடாது என்ற அதே விதி. நான் மொத்த வியாபாரி. வேலையில் சேர்ந்து ஆறே மாதம் ஆன ஒரு பெண் சில்லறைக் கடையாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து வந்த சீட்டுகளில் நான்கு, நான்கு என்றிருந்த எண் எட்டாகி, பன்னிரண்டாகி, ஒரு வாரம் இருபதைத் தொட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "யோசித்துத்தான் ஆர்டர் போடுகிறீர்களா?" என்று அறை முழுவதும் கேட்கும்படி கேட்டுவிட்டேன். அவர் விதியை மதித்து, பதில் சொல்லாமல், அடுத்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரைந்து காட்டச் சொன்னார்கள். நானும் விநியோகஸ்தரும் தொழிற்சாலைக்காரரும் மலையும் பள்ளமுமாக வரைந்திருந்தோம். அந்தப் பெண்ணின் தாளில் ஒரே ஒரு படிதான் இருந்தது: முதல் நான்கு வாரம் 4 பெட்டி, ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8 பெட்டி. அவர் இருபது கேட்டதற்குக் காரணம் நான் அனுப்பாமல் வைத்திருந்த பாக்கி. அந்த வாரம் என் சீட்டில் நான் எழுதியதோ நாற்பது. தாளை மேசையில் என் பக்கம் நகர்த்தியபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

பீன்யா பட்டறைக்காரர்:

எங்களுக்கு நடந்தது வேறு வகை. வார இறுதி வகுப்பில், அணி அணியாக ஒரு கம்பெனியை நடத்திப் பார்க்கும் கணினிச் சிமுலேஷன். ஒரு சுற்று ஓர் ஆண்டு, மொத்தம் எட்டுச் சுற்று. எட்டாவதுதான் கடைசி என்று தெரிந்ததால் எங்கள் அணி பராமரிப்பு, பயிற்சி, ஆராய்ச்சி ஆகிய மூன்றுக்கும் பூஜ்யம் போட்டு, இருந்த சரக்கையெல்லாம் தள்ளி, பங்கு விலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. கோப்பையைக் கையில் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு பயிற்சியாளர் மிகச் சாதாரணமாக, "சாப்பிட்டு வாருங்கள், ஒன்பதாம் ஆண்டும் உண்டு" என்றார். மாலையில் நாங்கள் கடைசி இடம்.

விதியைச் சொல்லாமல் மாற்றியது ஏமாற்று வேலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலை பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தின் ஹெட்ஸ்டாக்கில், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பகுதியில், கையை வைத்தால், வைத்த கையை உடனே எடுக்கும் அளவுக்குச் சூடு. ஸ்பிண்டில் பேரிங்கை மாற்றுவதை நான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு வந்திருந்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கர், ஜெயநகர்:

பட்டறை நண்பரே, அது ஏமாற்று வேலை அன்று. உங்கள் பட்டறைக்கு எட்டாம் ஆண்டோடு முடிவு என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? பயிற்சியாளர் ஆட்டத்தை நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், அவ்வளவே.

என் கதை சிறியது. கால்குலேட்டரும் படிவங்களும் வைத்து ஆடிய காலத்தில் எங்கள் அணி ஒருமுறை வென்றது. "ஏன் வென்றீர்கள்?" என்று கேட்டார்கள். எழுந்து நின்ற எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஒவ்வொரு முடிவையும் எடுப்பதற்கு முன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதாவிட்டால், விடை வந்த பிறகு, முன்பே தெரியும் என்று மனம் சாதிக்கும். விடையை முன்கூட்டியே யூடியூபில் பார்க்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஆடிய நேரத்துக்குச் சமமாகப் பேசவும் நேரம் வேண்டும். 1957இல் அமெரிக்க நிர்வாகச் சங்கம் மேலதிகாரிகளுக்காக ஒரு விளையாட்டை அறிமுகப்படுத்தியபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தவை இராணுவத்தின் போர் விளையாட்டுகள். தோற்றாலும் ஆள் சாகாத இடம் என்பதுதான் இதன் முழுப் பயன். அங்கேயும் ஜெயிக்க மட்டும் பார்த்தால் அந்த இடத்தை வீணாக்குகிறோம்.

ஒயிட்ஃபீல்டு நண்பருக்கும் ஒன்று. அந்தப் பெண்ணைப் பழித்தது தவறு என்றால், இப்போது உங்களையே பழித்துக்கொள்வதும் அதே தவறுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, ஆளைக் குறை சொல்லாமல் அமைப்பைப் பார்க்கச் சொல்லித்தான். சீட்டு போய்ச் சேரவே வாரங்கள் ஆகும். சரக்கு வந்துசேர மேலும் இரண்டு வாரம். கையில் இருக்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, பாக்கி வைத்த பெட்டிக்கு ஒரு டாலர். பாக்கிக்குப் பயந்து எல்லோரும் கூடுதலாகக் கேட்கிறார்கள். முன்பே கேட்டு இன்னும் வழியில் இருக்கும் சரக்கைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள் என்பதை அதே எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். உங்கள் நாற்பது அங்கிருந்து வந்ததுதான்.

சிவாஜிநகர் சரக்கு:

கணக்கர் ஐயாவுடன் நான் முழுக்க உடன்படவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சானிடைசர் கேட்டால் கம்பெனி பாதிதான் தந்தது. எனவே நூறு வேண்டுமென்றால் இருநூறு எழுதினேன். பக்கத்துக் கடைக்காரரும் அப்படியே எழுதினார். நான் மட்டும் வழியில் இருக்கும் சரக்கை எண்ணிக்கொண்டு நியாயமாக நூறு எழுதியிருந்தால், ஐம்பதோடு நின்றிருப்பேன். பீர் கேமில் யாரும் பங்கு பிரித்துத் தருவதில்லை, சந்தையில் தருகிறார்கள். ஆட்டத்தில் கற்றதை அப்படியே கடைக்குக் கொண்டுவருவதும் ஒரு வகை அப்பாவித்தனம் என்பது என் கருத்து.

ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எம்.பி.ஏ. படிக்கும் என் மகள் அந்த ஆட்டத்தை ஆடிவிட்டு வந்த அன்று, கிடங்கில் கூரையை முட்ட அடுக்கியிருந்த சானிடைசர் அட்டைப்பெட்டிகளைக் காட்டி, "அப்பா, இதில் எத்தனை பெட்டி உண்மையில் யாரோ கேட்டது?" என்று கேட்டாள். பில் புத்தகத்தைத் திறந்த நான், திறந்தபடியே மூடிவிட்டேன்.

ஒயிட்ஃபீல்டு பயணி:

கணக்கர் ஐயா, வழியில் இருக்கும் சரக்கைப் பற்றி நீங்கள் சொன்னது இப்போதுதான் சரியாகப் பிடிபட்டது; நன்றி. நாற்பது எழுதியதை அமைப்பின் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் மற்ற மூவரும் விதியை மதித்து வாயை மூடிக்கொண்டிருந்த அறையில் நான் கத்தியதை எந்த அமைப்பும் செய்யவில்லை.

அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதே பயிற்சி நடக்கிறது. ஒருமுறை ஆடியவர்கள் மறுபடி ஆட முடியாது, சீட்டு எடுத்துக் கொடுக்க மட்டும் வரலாம் என்றார்கள். பெயர் கொடுக்கப் போனேன். பட்டியலில் எனக்கு முந்தைய வரியில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.