சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: சென்சார் மாற்றியவர்கள் சொல்லுங்கள்

பழைய பெட்ரோல்:
என் வண்டியில் கெட்டது கிராங்க் சென்சார், அதாவது இன்ஜின் தண்டு சுற்றுவதைக் கவனித்து இன்ஜின் கணினிக்குச் சொல்லும் சென்சார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வண்டிக்குப் பதினெட்டு வயது. அரை மணி நேரம் ஓடினால் பொட்டென்று அணைந்துவிடும். இருபது நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இக்னிஷன் காயில் மூன்றையும் மாற்றினேன், மூன்றும் வீண். ஒருநாள் சாலையோரம் நின்றுகொண்டு செல்ஃப் அடித்தபடி இருந்தேன். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அத்தனை நாளும் அது என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது! பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சென்சார் மேல் ஊற்றினேன். அடுத்த சாவித் திருப்பலில் முள் துள்ளியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தோஷப்படுவதா, வீணாக வாங்கிய மூன்று பாகங்களை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
தண்ணீர் ஊற்றுகிற வேலையை வேறு யாரும் செய்ய வேண்டாம். பக்கத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கொதித்துக்கொண்டிருந்தால் விரிசல் விட்டுவிடும். உங்கள் நல்ல நேரம், தப்பித்தீர்கள்.
எனக்கும் கிராங்க் சென்சார்தான். ஒரே ஒரு போல்ட், ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். போல்ட் வந்தது, சென்சார் வரவில்லை. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், ஓ-ரிங், உள்ளே கல்லாக இறுகியிருந்தது. நெம்பியதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது, உடல் பிளாக்குக்குள். மீதி நாள் முழுக்க ஊடுருவும் எண்ணெய் அடிப்பதும் இடுக்கியால் திருகுவதும்தான். கடைசியில் வெளியே வந்த முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதைத் துடைத்தாலே போதுமாக இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. பழைய பெட்ரோல், உங்கள் சென்சார் முனையில் தூள் இருந்ததா?

புகைக்குழாய்:
என்னுடையது ஆக்சிஜன் சென்சார், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்ப்பது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் (கோட்), அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சென்சார் செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். 22 எம்எம் ஸ்பேனர் வழுக்கி முனைகளை உருட்டிவிட்டது, கை முட்டியிலும் ரத்தம். எப்படியோ புதிதைப் போட்டேன். இரண்டே நாளில் அதே விளக்கு, அதே கோட். காற்று அளக்கும் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் வால்வு) நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன், மடிப்புக்குள் விரல் நீளத்துக்குக் கிழிசல். அளக்கப்படாத காற்று அது வழியாக உள்ளே போயிருக்கிறது. பழைய சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

மல்டிமீட்டர் மாமா:
புகைக்குழாய் சார், கோட் வந்ததும் பாகம் வாங்க ஓடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் ஒருமுறை த்ராட்டில் சென்சார் வாங்கிப் போட்டேன், கோளாறு எர்த் வயரில் இருந்தது. அதை விடுங்கள்.
முதலில் அளந்து பாருங்கள். மூன்று வயர் சென்சார் பலவற்றுக்கும் ஈசியூ (இன்ஜின் கணினி) 5 வோல்ட் அனுப்பும். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, அது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் புதுச் சென்சார் போட்டு என்ன பயன்? கிராங்க் சென்சாரில் இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை, ஓம் (மின்தடை) பார்க்கலாம். ஆறியிருக்கும்போது ஒருமுறை, ஹேர் டிரையரால் சூடாக்கி ஒருமுறை. சூட்டில் எண் காணாமல் போனால் சுருள் உள்ளே அறுந்திருக்கிறது. உள்ளே மின்னணுச் சில்லு உள்ள ஹால் வகைக்கு ஓம் பார்க்காதீர்கள், அர்த்தமே இல்லை. சாதாரண ஆக்சிஜன் சென்சார் சூடான இன்ஜினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், கழற்றும்போது எக்ஸாஸ்ட் வெதுவெதுப்பாக இருக்கட்டும், நடுவில் வெட்டு உள்ள சாக்கெட் வாங்குங்கள். மரை இறுகாமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவினால் மரையில் மட்டும், முனையில் படக்கூடாது. கண்ட சிலிகான் பசையையும் அருகில் சேர்க்காதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

சும்மா படிப்பவன்:
மாமா, கேட்டது அனுபவம், பாடம் இல்லை :)
என் கதை சின்னது. கொளுத்தும் வெயிலில் நிற்கிறது வண்டி, ஸ்கேனரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. புதுச் சென்சார் போட்டும் மைனஸ் 40. கனெக்டருக்குள் டார்ச் அடித்தால், ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. சுரண்டிச் செருகியதும் சரியாகிவிட்டது. ஆனால் கழற்றும்போது கிளிப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது, இப்போது கேபிள் டைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய பெட்ரோல்:
ஸ்பேனர் அண்ணே, பழையதை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முனை சுத்தமாக இருக்கிறது, தூள் இல்லை. மாமா சொன்னபடி ஹேர் டிரையரும் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் மீட்டரில் எண் மறைந்தது, ஆற விட்டதும் திரும்பி வந்தது. புதிதைப் போட்ட பிறகு ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் கண் அந்த முள்ளிடம்தான் போகிறது.