நேரேட்டர் பாமினி கோப்புகளைச் சரியாக வாசிக்க மறுக்கிறது, உதவி தேவை

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா தமிழாசிரியை. விழித்திரைக் கோளாறால் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. விண்டோஸ் 11 லேப்டாப்பில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் நேரேட்டரைப் போட்டு, வள்ளுவர் என்ற தமிழ்க் குரலையும் இறக்கிக் கொடுத்தோம். செய்தித் தளங்கள், மெயில் எல்லாம் நன்றாக வாசிக்கிறது.

சிக்கல் அவருடைய பழைய பாடக்குறிப்புகளில்தான். எல்லாமே, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகள். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் இடத்தில் ‘ஜே கே பி ஓ’ என்று வாசிக்கிறது. பல வருட உழைப்பு அது. இன்றும் அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்.

எழுத்துருவை லதாவுக்கு (யூனிகோடு, அதாவது இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கான தமிழ் எழுத்துரு) மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. என்விடிஏ என்ற இன்னொரு திரைவாசிப்பானைப் போட்டும் அதே கதை. உருப்பெருக்கியில் வரி தவறிப்போகிறது, கொஞ்ச நேரத்தில் தலைவலியும் வந்துவிடுகிறது. இணையத்தில் உள்ள மாற்றியில் ஒரு பத்தியை ஒட்டினால் சரியாக யூனிகோடாகிறது. ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்புகிறது, இலக்கண அட்டவணைகளும் கலைந்துவிடுகின்றன. வேலூரில் கடையில் கேட்டால் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். கோப்புகள் டாக், டாக்எக்ஸ் இரண்டிலும் உள்ளன.

பாமினியில் உள்ளதை மட்டும் யூனிகோடாக்கி, ஆங்கிலத்தையும் அட்டவணையையும் தொடாமல், மொத்தக் கோப்புகளையும் ஒரேயடியாக மாற்றும் வேர்டு மேக்ரோவோ மென்பொருளோ யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?