ராத்திரி சப்பரம் எடுக்கச் சின்ன கேமரா எது?

கேள்வி:
போனில் எடுத்தால் தீவட்டி வெளிச்சத்தில் சாமி முகம் வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது. டிஎஸ்எல்ஆர் தூக்க என் தோளில் தெம்பில்லை. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 200 மி.மீ. வரை ஜூம் இருக்காமே, செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

பதில் 1:
ஜூமில் மயங்காதீங்கண்ணே. மார்க் 7 லென்ஸ் எஃப்2.8-இல்தான் தொடங்கும் (எஃப் எண் சின்னதாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம் நுழையும்). அதே வரிசையில் முந்தைய மாடலான மார்க் 5ஏ எஃப்1.8, ஒரு ஸ்டாப்புக்கு மேலேயே, அதாவது இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம். படத்தைப் பதியும் சென்சார் இரண்டிலும் அதே ‘1 இன்ச்’ வகை (நிஜ அளவு 13.2 × 8.8 மி.மீ.). 5ஏ 70 மி.மீ.யோடு நின்றுவிடும். நின்றால் என்ன, கூட்டத்துக்குள் நாலடி முன்னால் போங்க!

பதில் 2:
செகண்ட் ஹேண்ட் என்றால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்11 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்க, உள்ளே தூசி இருந்தால் புள்ளியாகத் தெரியும். உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் தூசியை இழுக்கும். நான் திருநீற்றுப் பொட்டலம் கிடந்த சட்டைப்பையிலேயே கேமராவைப் போட்டேன். இன்றைக்கும் என் வானத்தில் ரெண்டு கரும்புள்ளி.

கேட்டவர்:
சிரிச்சிட்டேன் தம்பி. சரி, 5ஏ தேடுறேன். முகம் வெளுக்காம இருக்க?

பதில் 1:
எக்ஸ்போஷர் மைனஸ் 1 (படம் கொஞ்சம் இருட்டாக விழும்), ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்). இருட்டை வீட்டில் கம்ப்யூட்டரில் தூக்கிக்கலாம், வெளுத்தது திரும்பாது. ஃபிளாஷைத் தொடவே தொடாதீங்க.