'இஃப்'புக்கு 'ஃபி' எடுபடுது, 'டூ'வுக்கு 'ஓ.டி.' ஏன் எடுபடல?

மல்லிக்கணக்கு: மாட்டுத்தாவணி பூக்கடை ஒண்ணுக்கு, தினசரி மல்லி, பிச்சி விலை சிஎஸ்வி ஃபைல்களை ஒண்ணாச் சேர்க்க பாஷ் (லினக்ஸ்ல கமாண்டுகளை ஓட்டுற ஷெல்) ஸ்கிரிப்ட் எழுதினேன். 'இஃப்'பை மூட அதையே திருப்பிப் போட்டு 'ஃபி', 'கேஸ்'க்கு 'ஈசாக்'. அதே கணக்குல ஃபார் லூப்போட 'டூ'வை 'ஓ.டி.'ன்னு மூடினேன். மொத்தமே 8 வரி. 9ஆவது வரியில 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்'ங்குது. எங்கண்ணே தப்பு?

திருநகர் டெர்மினல்: 'ஓ.டி.' இருக்கிற எடத்துல 'டன்' போடுங்க தம்பி, ஓடிரும். 'ஓ.டி.' ஷெல்லுக்குக் கீவேர்டு (அதோட இலக்கணச் சொல்லு) இல்ல. ஃபைலோட பைட்டுகளை ஆக்டல் (எட்டடிமான) எண்ணாக் காட்டுற யூனிக்ஸ் கமாண்டு. லூப்புக்குள்ள இன்னொரு கமாண்டுன்னு அதை எடுத்துக்கிட்டு, 'டன்'னைத் தேடி ஷெல் ஃபைலோட கடைசி வரைக்கும் போகுது. இல்லாத 9ஆவது வரி வந்தது அப்படித்தான்.

உங்க ஊகம் நியாயமானதுதான். இந்தக் கீவேர்டுகளை ஷெல்லுக்குக் கொண்டாந்த ஸ்டீபன் போர்ன், கேம்பிரிட்ஜ்ல அல்கோல் 68ங்கிற பழைய புரோகிராமிங் மொழியோட கம்பைலர்ல வேலை பார்த்தவர். அந்த மொழியில 'டூ'வை மூடுறது 'ஓ.டி.'யேதான். ஆனா 1979ல யூனிக்ஸ் 7ஆம் பதிப்போட அவர் ஷெல் வெளிவர்றதுக்கு முன்னாடியே, 1971லயே, அந்தப் பேரைக் கமாண்டு புடிச்சிருச்சு. அதனால 'டன்'. மனுசன் விடலையே, ஷெல்லோட சி சோர்ஸ்ல மேக்ரோவா (சுருக்கப் பேரா) 'ஓ.டி.'யை வச்சுக்கிட்டாரு!

ஒத்தக்கடை: இன்னொரு எடத்துலயும் இதே எரர் வரும். கமாண்டோட முதல் சொல்லா நின்னாத்தான் 'டன்' கீவேர்டு. 'எக்கோ' வரியிலயே கடைசியா எழுதினா அதையும் சேர்த்து பிரிண்ட் பண்ற சொல்லா எடுத்துக்கும். முன்னாடி செமிகோலன் போடுங்க, இல்ல அடுத்த வரிக்குக் கொண்டுபோங்க. ஓட்டாம இலக்கணம் மட்டும் பார்க்க 'பாஷ் -என்'.

ஃபிஷ்ங்கிற இன்னொரு ஷெல்ல எல்லாத்தையும் மூட 'எண்ட்'தான். பழக லேசு. ஆனா நாலு 'எண்ட்' வரிசையா நின்னா எது எதை மூடுதுன்னு முழிக்கணும். எனக்கு 'ஃபி'யே தேவலை.

மல்லிக்கணக்கு: ஓடிருச்சுண்ணே. அதையே கடை விண்டோஸ் சிஸ்டத்துல நோட்பேடுல புதுசா அடிச்சு லினக்ஸ்ல ஓட்டினா 'டூ' கிட்ட எரர். பக்கத்துல '\ஆர்'னு ஒட்டியிருக்கு.

திருநகர் டெர்மினல்: அது வரிக் கடைசியில விண்டோஸ் சேர்க்கிற கேரேஜ் ரிட்டர்ன். அது ஒட்டிக்கிட்டா ஷெல்லுக்கு அது 'டூ' இல்ல, வேற ஏதோ சொல்லு. 'கேட்' கமாண்டை பெரிய எழுத்து '-ஏ'வோட போட்டா ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் '^எம்$' தெரியும். 'டாஸ்டுயூனிக்ஸ்' ஒருதரம் ஓட்டினாப் போயிரும். இனிமே விஎஸ் கோடுல அடிங்க. வலது கீழ்மூலையில 'சிஆர்எல்எஃப்'னு (விண்டோஸ் வரி முடிவு) இருக்கிறதை 'எல்எஃப்' (லினக்ஸ் வரி முடிவு) ஆக்கிட்டு சேவ் பண்ணுங்க.