புதுப்பிப்பு: கமினோ முதல் நாள் நடந்து முடித்தேன்

கமினோ என்பது ஸ்பெயினின் சாந்தியாகோ நகரத் தேவாலயத்துக்கு நடந்து போகும் யாத்திரை வழி. அதன் முதல் நாளில், பிரான்ஸிலுள்ள ஸான் ழான் பியே த போர் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினிலுள்ள ரோன்செஸ்வாயெஸுக்கு மலை வழியாகப் போவதா, வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகப் போவதா என்று இங்கே கேட்டிருந்தேன். மலை வழியில் இருக்கும் ஓரிசோன் விடுதியில் ஒரு இரவு தங்கிவிடுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். அங்கே இடம் கிடைக்கவில்லை. வானம் தெளிவாக இருந்ததால் மலை வழியில் ஒரே நாளில் போய்விட்டேன். சுமார் 25 கிலோமீட்டர்.

ஓரிசோன் வரையிலான முதல் எட்டு கிலோமீட்டர்தான் மூச்சை வாங்கியது. தார்ச்சாலைதான், ஆனால் விடாத ஏற்றம். நூறு அடிக்கு ஒரு தடவை நின்றேன். அதற்கப்புறம் மரமே இல்லாத புல்வெளி, மணி கட்டிய ஆடுகள், காற்று. எல்லைக்குப் பக்கத்தில் பழங்கதை வீரன் ரோலாண்டின் பெயரில் இருக்கும் ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

ஏற்றத்துக்குப் பயந்த எனக்கு இறக்கத்தைப் பற்றி யோசனையே இல்லை. 1,430 மீட்டர் உயரத்திலுள்ள லெபோடர் கணவாயிலிருந்து இரண்டு வழி பிரிகிறது. காட்டுக்குள் நேராக இறங்குவது செங்குத்து. இபான்யெத்தா வழி கொஞ்சம் சுற்று, ஆனால் முழங்காலுக்கு இதம். நான் சுற்றுவழியில் இறங்கினேன். ஊன்றுகோல் கட்டாயம் வேண்டும் என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி, அது இல்லாமல் இறங்கியிருக்கவே மாட்டேன்.

இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை மலை வழியை மூடிவிடுவார்கள். அப்போது வால்கார்லோஸ் மட்டும்தான்.

சாயங்காலம் தேவாலயத்தில் யாத்திரிகர்களை ஆசீர்வதித்தார்கள். பக்கத்தில் நின்ற முதியவரின் மொழி எனக்குத் தெரியாது. இருவருமே அழுதுகொண்டிருந்தோம். தங்குமிடங்களில் முத்திரை வாங்கும் யாத்திரிகர் அட்டையில் இன்றைய முத்திரை விழுந்துவிட்டது. நாளை அடுத்த ஊரான சுபிரி வரை நடை.