மனசாட்சிக்கு ஒவ்வாத டியூட்டி: பாளையங்கோட்டையில் நான் பார்த்தது

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேபர் வார்டு சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி வந்து, "அக்கா, கருக்கலைப்பு கேஸுக்கு மட்டும் என்னைப் போடாதீங்க, எனக்குக் கை வராது" என்றாள். சரி என்று ரோஸ்டரை மாற்றினேன். "அவளுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று நிர்வாகத்தில் சத்தம் போட்டார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி. முக்கூடலில் இருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தியை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். யாரோ கொடுத்த மாத்திரையில் கரு பாதி கலைந்து, சேலை முழுக்க ரத்தம். நான் வாய் திறக்கும் முன்னே இந்தப் பிள்ளை ஊசி போட நரம்பைப் பிடித்துவிட்டாள், ரத்த வங்கிக்கும் போன் போட்டாள். விடிந்ததும் கேட்டேன். "இது உயிர் போற விஷயம்லாக்கா" என்றாள்.

இங்கிலாந்துச் சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. அங்கே நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் விவரமாகச் சொன்னாள். 1967 கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி மனசாட்சியைச் சொல்லி விலகலாம், ஆனால் தாயின் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் முடியாது. 2014இல் கிளாஸ்கோ மருத்துவச்சிகள் இருவர் வழக்கில், நேரடியாகக் கை வைக்கும் வேலைக்குத்தான் இந்த விலக்கு, ஆள் போடுவதற்கும் மேற்பார்வைக்கும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே இருந்திருந்தால் என் வேலைக்கு விலக்கு கேட்க முடியாது.

நம் நாட்டின் 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. மருத்துவத் தேவை இருக்கும்போது மதத்தை மட்டும் காரணம் காட்டி டாக்டர் மறுக்கக்கூடாது என்று 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நர்ஸுகளுக்கு நிர்வாகத்தின் நல்ல மனசுதான் துணை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. சட்டப்படி தகுதியுள்ள ஒரு பெண்ணிடம் ஒரு டாக்டர் "இங்கே செய்ய மாட்டோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் வள்ளியூர் பஸ் ஏறப் போய்விட்டாள். "ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 20 வாரம் தாண்டினால் குறிப்பிட்ட சிலருக்குத்தான் 24 வரை அனுமதி, அதுவும் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால். வாரங்கள் யாருக்காகவும் நிற்காது.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வாரமே எழுதிக் கொடுங்கள். எதைச் செய்ய மாட்டீர்கள், அவசரத்தில் எதைச் செய்வீர்கள், இரண்டையும் எழுதுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.